219ஆம் எண் அழைப்பு

நிரல்கள் தம் செயல்களை வரிவரியாகப் பதிந்துவைக்கும் லாக் கோப்புகளை, டெர்மினல் என்ற எழுத்துச் சாளரத்தில் ஓடவிட்டுப் பார்ப்பதற்காக எங்கள் குழு பராமரித்துவரும் நிரல் ஒன்று, சிலருடைய மடிக்கணினிகளில் மட்டும், பெரும்பாலும் காலை வேளைகளில், செத்துக் கிடந்தது. வந்த முறையீடுகளில் கிராஷ் என்ற சொல்லே இல்லை. திரை குழம்பிவிட்டது, கர்சரைக் காணவில்லை, மவுஸை நகர்த்தினால் எண்களும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டுகின்றன என்றுதான் எழுதியிருந்தார்கள். ஒருவர் தம்முடைய டெர்மினல் மென்பொருளே பழுது என்று முடிவுகட்டி வேறொன்றை நிறுவிப் பார்த்திருந்தார். எங்கள் கணினிகளிலோ அந்த நிரல் வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் நிரல் ஒரு சாண்ட்பாக்ஸுக்குள், அதாவது தன் உரிமைகளைத் தானே குறுக்கிக்கொண்ட ஒரு பூட்டுக்குள், ஓடுகிறது. லாக் பார்க்கும் நிரலுக்கு அது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. லாக் வரிகள் எங்கிருந்தோ வருகின்றன. இணையத்தில் முகம் தெரியாத ஒருவர் அனுப்பிய கோரிக்கையின் சில பைட்டுகள் அப்படியே லாக்கில் பதிந்திருக்கலாம்; அவற்றுக்குள் டெர்மினலை ஆட்டிவைக்கும் எஸ்கேப் வரிசைகள் ஒளிந்திருக்கலாம்; சுருக்கப்பட்ட கோப்பு என்றால் அதை விரிக்கும் நூலகத்தில் ஓட்டை இருக்கலாம். ஆகவே நிரல் தனக்கு வேண்டிய கோப்புகளைத் திறந்து முடித்ததும், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் செக்காம்ப் வசதியைக் கொண்டு தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு அனுமதிப் பட்டியலில் இல்லாத எந்த சிஸ்டம் கால் (நிரல் கெர்னலிடம் ஒரு வேலையைக் கேட்கும் அழைப்பு; ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு) எழுந்தாலும் கெர்னல் அந்த இடத்திலேயே நிரலைக் கொன்றுவிடும். 2005இல் 2.6.12 பதிப்பில் செக்காம்ப் வந்தபோது படித்தல், எழுதுதல், வெளியேறுதல், சிக்னலிலிருந்து (நிரலுக்குக் குறுக்கே வரும் அறிவிப்பு) திரும்புதல் என்ற நான்கு அழைப்புகளுக்கு மட்டுமே இடம் இருந்தது. 2012இல் 3.5 பதிப்போடு, எந்த அழைப்பை விடலாம் எந்த அழைப்பைத் தடுக்கலாம் என்பதை நிரலே ஒரு சிறு வடிகட்டியாக எழுதிக் கெர்னலிடம் ஒப்படைக்கும் வசதி வந்தது. நாங்கள் பயன்படுத்துவது இந்த இரண்டாவது முறை.

இப்படிக் கொல்லப்படும் நிரலால் மரண வாக்குமூலம் தர முடியாது. சாதாரணமாக ஒரு முழுத்திரை நிரல் வெளியேறும்போது, முழுத்திரை நிரல்களுக்கென டெர்மினல் தரும் மாற்றுத்திரையிலிருந்து பழைய திரைக்குத் திரும்பி, மறைத்த கர்சரைக் காட்டி, மவுஸ் அசைவுகளை அனுப்பச் சொன்ன கட்டளையை ரத்து செய்துவிட்டுத்தான் போகும். செக்காம்ப் கொல்லும்போது சிக்னல் வந்தால் ஓடுவதற்கென நிரலுக்குள் எழுதிவைத்த எந்தக் கையாளியும் ஓடாது. ஆகவே இவற்றில் ஒன்றும் நடக்காது. விசைப்பலகை தொடர்பான அமைப்புகளை, டெர்மினலில் நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்கள் பலவும் தாமாகவே சீர்செய்துவிடும். ஆனால் எஸ்கேப் வரிசைகளால் டெர்மினலுக்குள் மாற்றியவை ஷெல்லுக்குத் தெரியாது. ‘பேட் சிஸ்டம் கால்’ என்ற ஒற்றை வரியை ஷெல் அச்சிடத்தான் செய்கிறது. அது மாற்றுத்திரையில், ஏற்கெனவே நிரம்பியிருக்கும் லாக் வரிகளின் நடுவே விழுகிறது. பயனர் எரிச்சலோடு ‘ரீசெட்’ என்று தட்டுகிறார், அல்லது சாளரத்தையே மூடிவிடுகிறார். இருந்த ஒரே தடயமும் அத்தோடு அழிந்தது. லாக்கில் ரகசியங்கள் இருக்கலாம் என்பதால் கோர் டம்ப் (சாகும் நிரலின் நினைவகப் படி) எடுக்காதபடியும் நிரலை அமைத்திருந்தோம். பாதுகாப்புக்காகச் செய்த ஒவ்வொன்றும் துப்பறிவதற்கு எதிராக நின்றது.

டெர்மினல் நிரல் விழுந்தது என்றால் முதல் சந்தேகம் எப்போதும் சாளர அளவு மாற்றத்தின் மீதுதான் விழும். அளவு மாறும்போது ஒரு சிக்னல் வருகிறது. அது எந்த நேரத்திலும் குறுக்கிடலாம். கையாளிக்குள் செய்யக்கூடாததைச் செய்திருந்தால் எப்போதாவது ஒருமுறை மட்டும் விழும் கிராஷ் பிறக்கும். சாளரத்தை ஒரு ஸ்கிரிப்டால் ஓயாமல் சுருக்கியும் விரித்தும் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த சந்தேகம் நினைவகம். லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி, 128 கிலோபைட்டுக்கு மேற்பட்ட துண்டுகளைத் தனியே கெர்னலிடம் வாங்குகிறது. அவற்றைப் பெரிதாக்கும்போது 25ஆம் எண்ணான ‘எம்ரீமேப்’ அழைப்பைப் பயன்படுத்துகிறது. அத்தகைய ஒரு துண்டை ஒருமுறை விடுவித்துவிட்டால், அந்த 128 என்ற வரம்பைத் தானே உயர்த்திக்கொள்ளவும் செய்கிறது. அதாவது ஒரு நீளமான வரியைத் திறந்தால் இந்த அழைப்பு எழுமா எழாதா என்பது, அதற்கு முன் நிரல் என்னென்ன படித்தது என்பதைப் பொறுத்தது. மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடியாத கிராஷுக்கு இதைவிடப் பொருத்தமான வேட்பாளர் கிடையாது என்று நினைத்தேன். ஆனால் 25 பட்டியலில் இருந்தது.

பாதை தெளிந்தது, பயனர்களில் ஒருவர் தம் கணினியின் கெர்னல் பதிவுகளை முழுமையாக அனுப்பிவைத்த பிறகுதான். செக்காம்ப் ஒரு நிரலைக் கொன்றால் கெர்னல் அதை 1326 என்ற வகை எண்ணோடு தணிக்கைப் பதிவாக எழுதிவைக்கிறது. அந்த வரியில் எங்கள் நிரலின் பெயர் இருந்தது. கொன்ற சிக்னல் 31. தடுக்கப்பட்ட அழைப்பின் எண் 219. அழைப்பு எழுந்த முகவரி. முகவரியைத் தேடிப்போனால் அது ஜிலிப்சியின் ‘போல்’ என்ற செயற்கூற்றுக்குள் இருந்தது. விசை அழுத்தம் வருகிறதா, கோப்பில் புதிய வரி வருகிறதா என்று காத்திருக்கும் எந்த நிரலும் இந்தச் செயற்கூற்றில்தான் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும். 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளில் அதன் எண் 7. எங்கள் பட்டியலில் 7 இருக்கிறது. இல்லாவிட்டால் நிரல் தொடங்கிய கணமே விழுந்திருக்கும். 7ஐ அழைக்கும் இடத்தில் நின்றுகொண்டு ஒரு நிரல் 219ஐ எப்படிக் கேட்கும்?

219 என்பது ‘ரீஸ்டார்ட் சிஸ்கால்’. அதை எங்கள் மூலநிரலில் தேடினால் கிடைக்காது. நாங்கள் இணைத்துள்ள நூலகங்களில் தேடினாலும் கிடைக்காது. ஜிலிப்சியில் அதற்கு ஒரு உறைச் செயற்கூறுகூடக் கிடையாது. லினக்ஸ் கைநூலின் இரண்டாம் பகுதியில் அதற்கென ஒரு பக்கம் இருக்கிறது. கெர்னல் தன் பயன்பாட்டுக்காக மட்டும் வைத்திருப்பது என்று அதில் எழுதியிருக்கிறது. அதன் வேலை இதுதான். ஒரு நிரல் ஐந்து விநாடி காத்திருக்கிறேன் என்று சொல்லிக் கெர்னலுக்குள் போய் உறங்குகிறது. மூன்றாவது விநாடியில் யாரோ அதை நிறுத்திவைத்து, பிறகு தொடரச் சொல்கிறார்கள். பழைய அழைப்பை அப்படியே திரும்ப ஓட்டினால் மறுபடியும் ஐந்து விநாடி காத்திருக்கும். அடிக்கடி நிறுத்தினால் காத்திருப்பு முடியவே முடியாது. பத்து நிமிடத்துக்கு வைத்த இண்டக்‌ஷன் அடுப்பு ஆறாம் நிமிடத்தில் மின்வெட்டால் நின்றால், மின்சாரம் வந்ததும் மீதி நான்கு நிமிடத்துக்குத்தானே வைப்போம். கெர்னலும் காத்திருப்பு எப்போது முடியவேண்டும் என்பதை அந்தச் செயல்முறையின் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறது. தொடரும் நேரத்தில், நிரலின் பதிவகத்தில் இருந்த அழைப்பு எண்ணை 219 ஆக மாற்றி, கட்டளைச் சுட்டியை இரண்டு பைட் பின்னே தள்ளி, அதே கட்டளையை மறுபடியும் நிறைவேற்ற வைக்கிறது. நிரலுக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் வாசலில் நிற்கும் செக்காம்ப் வடிகட்டி எண்ணை மட்டுமே பார்க்கிறது. கெர்னல் தானே எழுப்பிய அழைப்பு, கெர்னலின் வடிகட்டியிலேயே மாட்டிக்கொள்கிறது.

இங்கிருந்து பழைய புதிர்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. சாளர அளவு மாறும்போது வரும் சிக்னலுக்கு நிரலில் கையாளி இருக்கிறது. கையாளி ஓடி முடித்தால் ‘போல்’ மீண்டும் தொடராமல், குறுக்கீடு ஏற்பட்டது என்ற பிழையோடு திரும்பிவிடும். நிரல் புதிதாக 7ஐ அழைக்கும். 219க்கு அங்கே வேலையே இல்லை. எத்தனை ஆயிரம் முறை சாளரத்தை இழுத்தாலும் விழாமல் இருந்தது இதனால்தான். கண்ட்ரோல்-இசட் அழுத்தியும் யாரும் இதைக் கண்டிருக்க முடியாது. முழுத்திரை நிரல் விசைப்பலகையை, விசைகளை அப்படியே பைட்டுகளாக வாங்கும் ‘ரா’ நிலையில் வைத்திருப்பதால், அந்த விசை நிறுத்தும் சிக்னலாக மாறாமல் வெறும் 26 என்ற பைட்டாக உள்ளே வருகிறது. எங்கள் நிரல் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆகப் பயனர் விசைப்பலகையிலிருந்து செய்யக்கூடிய எதுவும் இந்தக் கிராஷை வரவழைக்காது.

வரவழைப்பது கணினியின் உறக்கம். மடிக்கணினியின் மூடியைச் சாத்தும்போது கெர்னல் எல்லாப் பயனர் செயல்முறைகளையும் உறைய வைக்கிறது. காத்திருக்கும் செயல்முறையை, சிக்னல் வந்ததுபோல் பாவனை செய்து எழுப்பி, ஒரு இடத்தில் பிடித்து வைத்துவிட்டு, மூடி திறந்ததும் விடுகிறது. உண்மையில் சிக்னல் எதுவும் இல்லாததால் கையாளியும் ஓடாது, விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டும், அதற்கு 219. அந்தப் பயனர் அனுப்பிய பதிவுகளில், கணினி உறக்கத்திலிருந்து எழுந்ததைச் சொல்லும் வரிக்கு அடுத்தாற்போலவே 1326 வரி இருந்தது. மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இது நேர்ந்ததில்லை. தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் இணைப்பு வழியாகச் சர்வரில் நிரலை ஓட்டுபவர்களுக்கும் நேர்ந்ததில்லை, ஏனென்றால் உறங்குவது அவர்களுடைய மடிக்கணினி. நிரல் இருப்பது உறங்காத சர்வரில். பரபரப்பாக வரிகள் வந்துகொண்டிருக்கும் லாக்கைத் திறந்து வைத்தவர்களில் சிலரும் தப்பியிருந்தார்கள். உறையும் அந்தக் கணத்தில் நிரல் காத்திருக்காமல் வேலை செய்துகொண்டிருந்தால், தொடர்வதற்கு நிலுவையில் காத்திருப்பு எதுவும் இருக்காது.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் அந்த நிரலை அழைப்புகளைப் பட்டியலிடும் ஸ்ட்ரேஸ் அல்லது பிழைதேடும் ஜிடிபி என்ற கருவி கொண்டு பிடித்துப் பார்க்க முயன்றால் அது உடனே செத்துவிடும் என்பது எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பூட்டிய நிரலுக்கு வேவு பார்க்கப்படுவது பிடிக்காது என்ற அளவில் அதை விட்டுவிட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்பவர்களுக்கும் அப்படியே சொல்லிக்கொடுக்கப்பட்டது. ஸ்ட்ரேஸ் பிடிப்பது என்பதும் ஒரு நிறுத்தம்தான். ‘போல்’ குறுக்கிடப்படுகிறது, 219 எழுகிறது, நிரல் விழுகிறது. அந்த நேரத்தில் ஸ்ட்ரேஸ் அச்சிடும் இரண்டே வரிகளில், குறுக்கிடப்பட்ட ‘போல்’ தொடர்கிறது என்பது முதல் வரி. 31ஆம் சிக்னலால் கொல்லப்பட்டது என்பது இரண்டாம் வரி. தேடிக்கொண்டிருந்த கிராஷ், தேடும் கருவியால் எல்லோர் கண்முன்னும் பலமுறை நிகழ்ந்திருக்கிறது. ஆனால் பிடித்ததால் செத்தது என்று ஒரு விளக்கம் கைவசம் இருந்ததால், அந்த வரிகளை யாரும் படிக்க மெனக்கெடவில்லை.

மீண்டும் நிகழ்த்துவது இப்போது அற்பமான வேலை. நிரலை ஓடவிட்டு, வேறொரு டெர்மினலிலிருந்து நிறுத்தும் சிக்னல் ஒன்று, தொடரச் சொல்லும் சிக்னல் ஒன்று. மூடியைச் சாத்தித் திறக்கவேண்டிய தேவைகூட இல்லை.

திருத்தமும் ஒரே வரிதான், பட்டியலில் 219ஐச் சேர்ப்பது. அதற்கு முன் குழுவில் ஒரு விவாதம் நடந்தது. பட்டியலில் இல்லாத அழைப்பு வந்தால் கொல்லாமல், அப்படியொரு அழைப்பே இல்லை என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்பினால் இத்தகைய கிராஷ்கள் வராதே என்பது ஒரு தரப்பின் வாதம். அந்த வாதத்துக்கு நல்ல ஆதாரம் உண்டு. 2021இல் வந்த ஜிலிப்சி 2.34, ஒரு நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகளை உருவாக்க ‘குளோன்3’ என்ற புதிய அழைப்பை முதலில் முயன்று, அது இல்லை என்று கெர்னல் சொன்னால் பழைய ‘குளோன்’ அழைப்புக்குத் திரும்பும்படி எழுதப்பட்டது. நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் அடைத்து ஓட்டும் கன்டெய்னர்களின் அன்றைய வடிகட்டிகள் சில ‘இல்லை’ என்பதற்குப் பதிலாக ‘அனுமதி இல்லை’ என்று பதில் சொன்னதால், அது திரும்பிப்போகாமல் தோற்றது. சரியான பிழை எண்ணைத் தருவது நிரலுக்கு மாற்றுவழி தரும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 219 விஷயத்தில் மாற்றுவழி எதுவும் கிடையாது. ‘போல்’ அழைத்த நிரலுக்கு, ‘போல்’ என்ற அழைப்பே இல்லை என்ற அபத்தமான பதில் போய்ச்சேரும்; அதை எதிர்பார்த்து எழுதப்பட்ட நிரலை நான் பார்த்ததில்லை. கொன்றதால்தான் கெர்னல் பதிவில் 219 என்ற எண் கிடைத்தது. பிழை எண்ணோடு விட்டிருந்தால், எப்போதாவது வினோதமாக நடந்துகொள்ளும் நிரலாக அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்கு உறுத்தியது அந்த ஒரு வரியைவிட, பட்டியல் உருவான முறை. நிரலைத் தொடக்கத்திலிருந்தே ஸ்ட்ரேஸின் கீழ் ஓட்டி, எழுந்த அழைப்புகளை எல்லாம் தொகுத்து, அதையே அனுமதிப் பட்டியலாக வைத்திருந்தார்கள். பலரும் செய்வது இதுதான். இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பலவும் இதைத்தான் சொல்லித்தருகின்றன. அப்படிக் கிடைப்பது, ஒரு கணினியில், ஒரு பிற்பகலில், யாரும் குறுக்கிடாமல் ஓடிய ஓட்டத்தின் பதிவு. அந்த நிரலுக்கு என்னென்ன வேண்டும் என்பதற்கான விடை அதில் கிடையாது. 219 அதில் வர வழியே இல்லை, ஏனென்றால் தொடக்கத்திலிருந்தே உடன் வரும் ஸ்ட்ரேஸ் காத்திருப்பின் நடுவே குறுக்கிடுவதில்லை.

இதே வகையில் இன்னொரு பள்ளமும் எங்கள் பட்டியலில் இருந்தது. இதுவரை யாரும் அதில் விழவில்லை. நேரத்தைக் கேட்கும் ‘கிளாக் கெட்டைம்’ அழைப்பின் எண் 228. நிரல் அதை ஓயாமல் கேட்கிறது. ஆனால் ஸ்ட்ரேஸில் அது ஒருமுறைகூடத் தென்படாது. நேரம் கேட்பது அடிக்கடி நிகழ்வது என்பதால், வி.டி.எஸ்.ஓ. என்ற சிறு நூலகத்தைக் கெர்னல் ஒவ்வொரு செயல்முறையின் நினைவகத்திலும் வைத்துவிடுகிறது. அது செயலிக்குள் ஓயாமல் ஏறிக்கொண்டிருக்கும் டி.எஸ்.சி. எண்ணியை நேரடியாகப் படித்து, கெர்னலுக்குள் போகாமலேயே விடை சொல்லிவிடுகிறது. அழைப்பு எழாததால் வடிகட்டியும் பார்ப்பதில்லை. இது டி.எஸ்.சி. நம்பத்தக்கதாக இருக்கும்வரை மட்டுமே. அதன் ஓட்டம் மற்ற கடிகாரங்களோடு ஒத்துப்போகிறதா என்று கெர்னல் பின்னணியில் கண்காணித்துக்கொண்டே இருக்கிறது. கணினியின் அடித்தள மென்பொருளான பயாஸின் குறுக்கீட்டாலோ வேறு காரணத்தாலோ விலகல் அதிகமானால், அதை நிலையற்றது என்று குறித்துவிட்டு செயலிக்கு வெளியே இருக்கும் ஹெச்.பி.இ.டி. அல்லது ஏ.சி.பி.ஐ. கடிகாரத்துக்கு மாறிவிடுகிறது. அந்தக் கணத்திலிருந்து வி.டி.எஸ்.ஓ.வால் தனியே விடை சொல்ல முடியாது. உண்மையான 228 எழும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நிரலில் ஒரு பைட்கூட மாறாமல், அதன் அழைப்புப் பட்டியல் மாறிவிடுகிறது. நிர்வாகிக்குரிய ரூட் உரிமையோடு கெர்னலின் கடிகார மூலத்தை ஹெச்.பி.இ.டி.க்கு மாற்றிப் பார்த்தபோது எங்கள் நிரல் எதிர்பார்த்தபடியே உடனே விழுந்தது. 228ஐயும், நேரம் கேட்கும் இன்னொரு அழைப்பான 96ஐயும் அன்றே சேர்த்தோம்.

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி திட்டம் தன் வடிகட்டிக்காக அழைப்புகளைக் குழுக்களாகத் தொகுத்து வைத்திருக்கிறது. எந்த நிரலுக்கும் தவிர்க்க முடியாதவை என்று அவர்கள் கருதும் அடிப்படைக் குழுவில் 219, 228 இரண்டும் இருக்கின்றன. கன்டெய்னர் மென்பொருளான டாக்கரின் இயல்புப் பட்டியலிலும் இருக்கின்றன. நாங்கள் ஸ்ட்ரேஸ் பட்டியலைத் தூக்கிப்போட்டுவிட்டு, சிஸ்டம்டியின் அடிப்படைக் குழுவிலிருந்து தொடங்கி, நிச்சயம் வேண்டாத ஆபத்தானவற்றைக் கழித்து, புதிய பட்டியலை எழுதினோம். ஓபன்பிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளம் இந்தத் தலைவலியை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது. 2016இல் வெளியான 5.9 பதிப்பிலிருந்து இருக்கும் ‘பிளெட்ஜ்’ முறையில், நிரல் அழைப்பு எண்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. உள்ளீடு வெளியீடு மட்டும், டெர்மினல் மட்டும் என்று வாக்குறுதி கொடுக்கிறது. எந்த வாக்குறுதிக்குள் எந்த அழைப்பு வரும் என்பதைக் கெர்னலை எழுதுபவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் பட்டியல் போடுவதே முறை என்பது என் கட்சி. லினக்ஸில் கெர்னலும் சி நூலகமும் வெவ்வேறு குழுக்களின் கையில் இருப்பதால் அப்படி ஒன்று வருவது எளிதல்ல.

எண்களை எண்களாகவே எழுதிவைத்திருந்த வழக்கத்தையும் விட்டோம். 64 பிட் இன்டெல் வகையில் 219 என்பது, ஆர்ம் 64 வகைச் செயலிகளில் 128. பழைய 32 பிட் இன்டெல்லில் 0. அதே 0 என்ற எண் 64 பிட்டில் ‘படி’ என்ற அழைப்பைக் குறிக்கும் என்பதால், எந்தக் கட்டமைப்பிலிருந்து அழைப்பு வந்தது என்று முதலில் சோதிக்காத வடிகட்டி, வடிகட்டி என்ற பெயருக்கே தகுதியற்றது. இப்போது பெயர்களைக் கொடுத்தால் லிப்செக்காம்ப் நூலகம் அந்தந்தக் கட்டமைப்புக்கான எண்ணைத் தேடிக்கொள்கிறது.

கடைசியாக, நிரலை இரண்டாகப் பிரித்தோம். டெர்மினலைக் கையில் வைத்திருக்கும் சிறிய தாய்ச் செயல்முறை பூட்டுக்கு வெளியே இருக்கிறது. லாக்கைப் படித்து அலசும் குழந்தைச் செயல்முறை பூட்டுக்குள். குழந்தை 31ஆம் சிக்னலால் இறந்தால், தாய் மாற்றுத்திரையை விட்டு வெளியேறி, கர்சரைக் காட்டி, மவுஸ் அறிவிப்பை நிறுத்திய பிறகு, சாண்ட்பாக்ஸ் தடுத்ததால் நிரல் நின்றது என்றும், கெர்னல் பதிவில் 1326 என்று தொடங்கும் வரியை எங்களுக்கு அனுப்புங்கள் என்றும் பழைய திரையில் ஒரு வரி எழுதுகிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் நிறுத்தித் தொடரவைக்கும் சோதனையும் கடிகாரத்தை மாற்றும் சோதனையும் தானாக ஓடுகின்றன. ஆர்ம் 64 தொகுப்புக்கு முதல் சோதனையை ஓட்டியாயிற்று. கடிகாரச் சோதனையை மட்டும் அங்கே வேறு விதமாக எழுதவேண்டியிருக்கிறது, அந்தக் கணினிகளில் ஹெச்.பி.இ.டி. கிடையாது.